உள்ளம் நோவது தமிழில், உரைப்பது ஆங்கிலத்திலா?

உடல் நோயை அளக்கக் கருவிகள் உள. காய்ச்சலுக்கு வெப்பமானி உண்டு. குருதிக் கொதிப்புக்கு அழுத்தமானி உண்டு. உளநோயை அளக்கச் சொல்லை விட்டால் வேறு கருவி ஏது? நோயாளி தருவதும் சொல், மருத்துவர் கேட்பதும் சொல், மருந்தாவதும் சொல். அச்சொல் எம்மொழிச் சொல் என்பதே நம் வினா.

ஆல்பர்ட்டு எல்லிசு 1955 முதலும், ஆரன் பெக்கு 1960களிலும் அமெரிக்காவில் வகுத்த மருத்துவமுறை இன்று உலகெங்கும் பரவியுள்ளது. அறிதிறன் நடத்தை மருத்துவம் என்பது அதன் பெயர். எண்ணம் கோணினால் உணர்வு கோணும். உணர்வு கோணினால் நடத்தை கோணும். ஆகவே எண்ணத்தைப் பிடித்து ஆராய்ந்து நேராக்குக என்பது அதன் நெறி. நோயாளியின் உள்ளத்தில் அழையாமல் தானே எழும் எண்ணத்தை, அவர் சொன்ன சொல்லாலேயே ஏட்டில் பதிவர். நிகழ்வு என்ன, எழுந்த எண்ணம் என்ன, உணர்வு என்ன, அவ்வெண்ணத்துக்குச் சான்று என்ன, எதிர்ச்சான்று என்ன என்று பத்தி பிரித்து எழுதுவர். சொல் மாறினால் பதிவு மாறும். பதிவு மாறினால் மருத்துவமே மாறும்.

இத்துறைக்கு உலக மாநாடுகள் நடைபெறுகின்றன. 2004இல் சப்பானின் கோபே நகரிலும், 2016இல் மெல்போர்னிலும், 2019இல் பெர்லினிலும், 2023இல் கொரியாவின் சியோலிலும் கூடினர். இத்தகைய பன்னாட்டு மாநாட்டுக்கு நம்மவர் ஆய்வுச்சுருக்கம் விடுப்பர். பின்னணி, முறை, முடிவு, தெளிவு என நான்கு கூறுகளைச் சில நூறு சொற்களுக்குள் அடக்க வேண்டும், அதுவும் ஆங்கிலத்தில். நோயாளி தமிழர்; மருத்துவர் தமிழர்; உரையாடியது தமிழில். சுருக்கத்திலோ ஒரு தமிழ்ச்சொல்லும் இராது! நெல்லை விதைத்துப் பதரை அளக்கும் வேலையன்றோ இது?

கம்பம் பள்ளத்தாக்குக்கு வாருங்கள். விடியுமுன்னரே கம்பத்திலும் போடியிலும் கூடலூரிலும் இருந்து வண்டிகளில் நெருக்கியடித்துக்கொண்டு இடுக்கி மலையின் ஏலத்தோட்டங்களுக்குக் கூலிக்குப் போகும் பெண்கள் ஆயிரமாயிரவர். அவர்களுள் ஒரு தாய் உளச்சோர்வுற்று மருத்துவரிடம் வருகிறாள் என்று கொள்வோம். “எல்லாம் வெறுத்துப் போச்சு” என்பாள் ஒருத்தி. “எல்லாம் விட்டுப் போச்சு” என்பாள் இன்னொருத்தி. ஆங்கிலச் சுருக்கத்தில் இரண்டும் ‘நம்பிக்கையின்மை’ என்னும் ஒரே சொல்லாகிவிடும். தமிழறிந்தவர்க்கோ இரண்டும் வெவ்வேறு. வெறுத்தவள் நெஞ்சில் இன்னும் சூடு இருக்கிறது. அவளை நோகச் செய்தவர் எவரோ உளர். விட்டவள் கையில் பிடிப்பே தளர்ந்துவிட்டது. மருத்துவர் அடுத்துக் கேட்க வேண்டிய வினாவே வேறுபடும். “நெஞ்சைப் போட்டுப் பிசையுது”, “கையும் ஓடலை, காலும் ஓடலை” என்னும் மொழிகளும் அத்தகையனவே. இவற்றைத் துடைத்துவிட்டுத் தொகையும் விழுக்காடும் மட்டும் விடுத்தால், உலகம் நம்மிடமிருந்து கற்பதற்கு என்ன எஞ்சும்?

“பன்னாட்டு அவைக்கு ஆங்கிலம் வேண்டாவா?” என்பர் சிலர். வேண்டும்; மறுப்பாரில்லை. ஆனால் மூலம் எது, பெயர்ப்பு எது என்பதே வழக்கு. நடத்தை மருத்துவத்தின் வேர்களுள் ஒன்றான பாவுலோவின் ஆய்வு உருசிய மொழியில் எழுந்தது. உள்ளத்தின் ஆழத்தைத் துருவிய பிராய்டு செருமன் மொழியில் எழுதினார். சப்பானிய மருத்துவர் மோரிட்டா தம் மருத்துவமுறையை 1928இல் தம் தாய்மொழியிலேயே நூலாக்கினார். எழுபது ஆண்டு கழித்து, 1998இல், ஆங்கிலம் அவர் வாயிலில் வந்து நின்றது. அவர்களுள் எவரும் தாய்மொழியில் எழுதியதனால் தாழ்ந்தாரில்லை.

“அவை பெருநாட்டு மொழிகள்” என்பீராயின் சிம்பாபுவே நாட்டைப் பாருங்கள். ஆங்குச் சோனா மொழியில் ‘குபுங்கிசிசா’ என்றொரு சொல் உண்டு. அளவிறந்து எண்ணியெண்ணி மாய்தல் என்பது பொருள். அச்சொல்லையே அடியாகக் கொண்டு, பயிற்சி பெற்ற முதிய தாய்மார் விசிப்பலகையில் அமர்ந்து துயருற்றாரிடம் உரையாடி நலம் கண்டதை 2016இல் வெளிவந்த ஆய்வு காட்டியது. அமெரிக்க உளமருத்துவக் கழகம் 2013இல் வெளியிட்ட கைந்நூலின் ஐந்தாம் பதிப்பில், பல்வேறு பண்பாடுகளின் துயர்ச்சொற்கள் ஒன்பது இடம்பெற்றன. அவற்றுள் சோனாச் சொல் உண்டு. சப்பானியச் சொல் உண்டு. சீனச் சொல் உண்டு. தமிழ்ச்சொல் ஒன்றேனும் உண்டா? இல்லை! தடுத்தவர் எவர்? நம் சொல்லை நாமே எழுதாதிருந்தால் பிறர் எங்ஙனம் அறிவர்?

பாக்கித்தானின் இராவல்பிண்டியை ஒட்டிய சிற்றூர்களில் நடந்த ஆய்வு 2008இல் வெளிவந்தது. ஊர்நலப் பெண் ஊழியர்களே இம்முறையைக் கற்று, உளச்சோர்வுற்ற தாயரின் வீடு தேடிச்சென்று, ஊர் வழக்கிலேயே பேசினர். குழந்தை பிறந்த ஆறாம் திங்களில், இம்முறை பெற்றாருள் நூற்றுக்கு 23 பேரிடமே நோய் இருந்தது; பெறாதாருள் 53. மருந்துக்கடையில் வாங்க இயலாத மருந்து இது. தாய்மொழியே அம்மருந்தின் கலயம்.

தொல்காப்பியரே இம்மருத்துவத்தைக் கண்டார் என வெற்றுப் பெருமை பேச நாம் வரவில்லை. ஆனால் மெய்ப்பாடு எட்டென வகுத்து, அழுகைக்கு இழிவு, இழவு, தளர்ச்சி, வறுமை என நான்கு களன் காட்டிய மொழிக்கு உள்ளத்தை உரைக்கச் சொல்லில்லை என்பது அறியாமை. தானெழும் எண்ணம், எண்ணப் பிறழ்வு, எண்ணப் பதிவேடு, அடிப்படை நம்பகம், நடத்தை ஊக்கல் எனச் சொற்கள் தட்டாமலே கிடைக்கின்றன. கலைச்சொல் புழங்கப் புழங்கக் கூர்மையுறும். புழங்காத கத்தி துருவேறும்.

ஆகவே தமிழாய்வாளரிடம் நாம் கேட்பன இவை. முதலாவது, தமிழரை ஆய்ந்த ஆய்வுக்குத் தமிழ்ச்சுருக்கமே முதலில் எழுதப்பட்டு, ஆங்கிலம் அதன் பெயர்ப்பாக அமைக. இரண்டாவது, நோயாளியின் சொல் தமிழாகவே நின்று பொருள் விளக்கம் பெறுக. மூன்றாவது, மருத்துவமும் வினாநிரலும் எம்மொழியில் நடந்தன, பெயர்த்தவர் எத்தகையர், பெயர்ப்பைச் சரிபார்த்தது எவ்வாறு என்பதைச் சுருக்கம் மறையாது கூறுக. நான்காவது, முடிவை அவ்வூர் மக்களுக்கே தமிழில் திருப்பிச் சொல்க. நோயாளிக்கு விளங்கும் மொழியில் செய்தி தரவேண்டும் என்று 2017ஆம் ஆண்டின் மனநலச் சட்டம் விதித்துள்ளது. அவர் வாழ்வை ஆய்ந்த முடிவுக்கு மட்டும் அவ்வுரிமை இல்லையா? ஐந்தாவது, தமிழ்நாட்டுப் பல்கலைக்கழகங்கள் உளமருத்துவத்துக்கென ஆண்டுதோறும் தமிழ் மாநாடு கூட்டித் தமிழ்ச்சுருக்கங்களை அச்சிடுக.

மேற்கே ஓடிக் கடலில் கலந்த பெரியாற்று நீரை மலையைக் குடைந்து கிழக்கே திருப்பியதனால், 1895 முதல் கம்பம் பள்ளத்தாக்கு பசுமை கண்டது. அம்மண்ணின் துயரை அள்ளிச் சியோலுக்கும் பெர்லினுக்கும் கொண்டு போகிறவர்களே! அறிவின் நீரையும் இம்மண்ணுக்குத் திருப்புங்கள். ஏலத்தோட்டத் தாய் தன் நோவைத் தமிழில் சொன்னாள். அவளுக்குரிய விடையும் தமிழில் வரட்டும்!