விளம்பரமா, தொண்டா? நட்சத்திரங்களின் வலைத்தளப் பக்கங்கள்

சினிமா நட்சத்திரங்களும் கிரிக்கெட் வீரர்களும் ரசிகர்களோடு பேச இப்போது நிருபர்களை எதிர்பார்ப்பதில்லை. கையில் இருக்கும் கைபேசியே அவர்களுக்குப் பத்திரிகை, சுவரொட்டி, கட்-அவுட் எல்லாம். காலையில் காபி குடிப்பதும் படமாக வருகிறது. மாலையில் ஏழைக்குப் போர்வை கொடுப்பதும் படமாக வருகிறது. இதில் எது தொண்டு, எது விளம்பரம்?

2020-ம் ஆண்டு ஊரடங்கைத் திரும்பிப் பார்த்தால் இதற்கு ஓரளவு விடை கிடைக்கும். மும்பைத் தமிழர்களுக்கு அந்த நாட்கள் அவ்வளவு சீக்கிரம் மறந்துவிடாது.

பாத்திரம் கழுவிய நடிகை

அந்த ஆண்டு மார்ச் 25-ந் தேதி நாடே அடைக்கப்பட்டது. ரெயில் நின்றது, பஸ் நின்றது. தாராவியில் ஒரே அறையில் எட்டுப் பேர், பத்துப் பேராகத் தங்கியிருந்தவர்கள் வேலையும் இல்லாமல், ஊருக்குப் போக வழியும் இல்லாமல் தவித்தார்கள்.

அதே நாட்களில் நடிகை கத்ரினா கைப் தன் வீட்டில் பாத்திரம் கழுவும் காட்சியை வலைத்தளத்தில் வெளியிட்டார். வேறு பலர் உடற்பயிற்சி செய்து காட்டினார்கள். சினிமா இயக்குனர் பரா கானே பொறுக்கமாட்டாமல், இந்த உடற்பயிற்சிப் படங்களை நிறுத்துங்கள் என்று கேட்டுக்கொண்டார். பாத்திரம் கழுவுவது குற்றம் இல்லைதான். ஆனால் வீட்டு வேலை செய்து பிழைத்த பெண்கள் பலருக்கு அப்போது கழுவப் பாத்திரமும் இல்லை, சம்பளமும் இல்லை.

வில்லன் அனுப்பிய பஸ்

மே 1-ந் தேதி தொழிலாளர் சிறப்பு ரெயில்கள் ஓடத் தொடங்கின. அதற்கு நேராக ஸ்டேஷனுக்குப் போய் டிக்கெட் வாங்க முடியாது. மும்பையில் போலீஸ் நிலையத்தில் பெயர் கொடுத்து, டாக்டர் சான்றிதழ் காட்டி, பட்டியலில் பெயர் வரும்வரை காத்திருக்க வேண்டும். காத்திருக்க முடியாதவர்கள் நடந்தே கிளம்பினார்கள்.

இந்த நேரத்தில்தான் நடிகர் சோனு சூட் முன்வந்தார். 1999-ல் 'கள்ளழகர்' படத்தில் அறிமுகமாகி, 'அருந்ததி'யில் வில்லனாக மிரட்டியவர் என்று தமிழ் ரசிகர்களுக்குத் தெரிந்தவர். மராட்டிய, கர்நாடக அரசுகளிடம் அனுமதி பெற்று, தானேயில் இருந்து குல்பர்காவுக்கு முதலில் 10 பஸ்களை அனுப்பிவைத்தார். பிறகு டுவிட்டரில் அவரிடம் உதவி கேட்டு நாள்தோறும் ஏராளமானோர் எழுதினார்கள். பலருக்கு அவரே பதில் போட்டு விவரம் கேட்டார். ஜூன் மாதம் மும்பையில் இட்லி விற்றுப் பிழைத்த சுமார் 200 தமிழர்கள் அவர் ஏற்பாடு செய்த பஸ்களில் தமிழ்நாட்டுக்குப் புறப்பட்டார்கள். பெண்கள் அவருக்கு ஆரத்தி எடுத்தார்கள்.

இதுவும் விளம்பரம்தானே என்று அப்போதே சிலர் கேட்டார்கள். சிவசேனாவின் சஞ்சய் ராவத் 'சாம்னா' பத்திரிகையில் இதற்குப் பின்னால் அரசியல் இருக்கிறது என்ற பொருள்பட எழுதினார். விளம்பரம் இல்லாமல் இல்லை. பஸ் கிளம்பும்போது எடுத்த படங்கள் நாடெங்கும் போயின. ஆனால் ஒரு பஸ் கிளம்ப இரண்டு மாநில அனுமதி, ஆள் பட்டியல், டிரைவர், வழியில் சோறு எல்லாம் வேண்டும். படத்துக்கு இவை எதுவும் வேண்டாம். மற்ற நட்சத்திரங்கள் தாம் பேசுவதற்கு வைத்திருந்த இடத்தை அவர் பிறர் குறை கேட்கும் இடமாக வைத்துக்கொண்டார். வேறுபாடு அங்கேதான் இருக்கிறது.

(அந்தக் கோடையில் சிறப்பு ரெயில்களில் ஊர் போனவர்கள் 63 லட்சம் பேருக்கு மேல். ரெயில் ஓட்டியவருக்கு யாரும் ஆரத்தி எடுத்ததாகச் செய்தி வரவில்லை. அது வேறு விஷயம்.)

கணக்கு கேட்டபோது

புகழ் வந்தால் பணமும் வரும். சோனு சூட்டின் அறக்கட்டளைக்கு நன்கொடை குவிந்தது. 2021 செப்டம்பரில் வருமான வரித்துறை அவரது இடங்களில் சோதனை நடத்தியது. அறக்கட்டளைக்கு வந்தது 18 கோடி ரூபாய்க்கு மேல், செலவானது சுமார் 1 கோடியே 90 லட்சம், 20 கோடிக்கு மேல் வரி ஏய்ப்பு என்று அதிகாரிகள் கூறினார்கள். ஒவ்வொரு ரூபாயும் ஓர் உயிரைக் காக்கத் தன் முறைக்குக் காத்திருக்கிறது என்பது நடிகரின் பதில். 2022-ல் அவர் தங்கை பஞ்சாபில் மோகா தொகுதியில் காங்கிரஸ் வேட்பாளராக நின்று தோற்றார்.

குற்றச்சாட்டு வேறு, தீர்ப்பு வேறு. இதனால் பஸ் ஏறியவர்கள் ஊர் போய்ச் சேர்ந்தது பொய்யாகிவிடாது. ஆனாலும், கிளம்பிய பஸ்சைக் காட்டிய அதே பக்கத்தில் வரவு செலவையும் மாதம் ஒரு முறை காட்டியிருந்தால் அதிகாரிகள் சொல்லித்தான் ஊருக்குத் தெரிய வேண்டும் என்ற நிலை வந்திராது. பணமோ பொருளோ வாங்கிக்கொண்டு சரக்கைப் புகழ்ந்தால் அது விளம்பரம் என்று வெளிப்படையாகச் சொல்ல வேண்டும் என்று மத்திய அரசு 2023 ஜனவரியில் வழிகாட்டு விதி வெளியிட்டது. நன்கொடை கேட்கும் நட்சத்திரம் செலவுக் கணக்கையும் போட வேண்டும் என்று அதில் இல்லை.

துடைப்பமும் டிராக்டரும்

2014 அக்டோபர் 2-ந் தேதி தூய்மை இந்தியா திட்டம் தொடங்கியபோது பிரதமர் ஒன்பது பேருக்கு அழைப்பு விடுத்தார். கமலஹாசன், சல்மான் கான், டெண்டுல்கர் எல்லாரும் அதில் உண்டு. பிறகு துடைப்பத்தோடு படம் எடுத்துக்கொள்ளாத பிரபலமே இல்லை என்றாயிற்று. பலருக்கு அது ஒருநாள் வேலை.

மும்பை வெர்சோவா கடற்கரையில் அப்ரோஸ் ஷா என்ற வக்கீல் 2015 அக்டோபரில் வயதான அண்டை வீட்டுக்காரர் ஒருவரோடு குப்பை அள்ளத் தொடங்கினார். வாரந்தோறும் ஆள் கூடியது. 2017-ல் தொல்லை கொடுத்தவர்களாலும், அள்ளிய குப்பை அகற்றப்படாமல் கிடந்ததாலும் வேலையைச் சில காலம் நிறுத்தினார், மறுபடியும் தொடங்கினார். 2018-ல் அமிதாப் பச்சன் இந்த வேலைக்கு மண் அள்ளும் எந்திரமும் டிராக்டரும் வாங்கிக் கொடுத்தார். அதை அவரும் வலைத்தளத்தில் போட்டார்தான். போட்டால் போகட்டும், எந்திரம் கடற்கரைக்கு வந்து சேர்ந்ததே! அந்த ஆண்டு மார்ச்சில், ஏறக்குறைய 20 ஆண்டுகளுக்குப் பிறகு, வெர்சோவா மணலில் கடல் ஆமைக் குஞ்சுகள் பொரித்துக் கடலுக்கு ஊர்ந்து சென்றன.