வார்டில் மருந்து, வீட்டில் பயம்: நோயுற்ற குழந்தைகளுக்கு ஆன்லைனில் மன ஆதரவு... யார் தருவது, எப்படிப் பெறுவது?

குழந்தைகளுக்கு வரும் புற்றுநோய்களில் அதிகம் காணப்படுவது ஏ.எல்.எல். எனப்படும் ரத்தப் புற்றுநோய். இதற்கான சிகிச்சை 2 முதல் 3 ஆண்டுகள் வரை நீளும். ஆனால் ஆஸ்பத்திரியில் தங்கியிருக்கும் நாள்கள் பெரும்பாலும் முதல் சில மாதங்களோடு குறைந்துவிடும். மீதிக் காலம் முழுக்க மாத்திரை, ரத்தப் பரிசோதனை, ஓபி சீட்டு, பஸ் பயணம் என்றுதான் போகும். அதாவது, சிகிச்சையின் பெரும்பகுதி வீட்டில்தான் நடக்கிறது.

தலசீமியா உள்ள குழந்தைக்கு 2 முதல் 4 வாரத்துக்கு ஒருமுறை ரத்தம் ஏற்ற வேண்டும். டைப் 1 சர்க்கரை நோய் என்றால் தினமும் இன்சுலின். வார்டில் இருக்கும்போது நர்ஸ், டாக்டர், பக்கத்துப் படுக்கைக்காரர் என்று யாராவது பேச இருப்பார்கள். வீட்டுக்கு வந்த பிறகு? "முடி திரும்ப வளருமா?", "ஸ்கூல்ல என்ன சொல்றது?", "நான் செத்துடுவேனா?" என்று குழந்தை கேட்பது அம்மாவிடம்தான். அந்த அம்மா தன் பயத்தை யாரிடம் சொல்வது?

இந்த இடைவெளியை போனும் வீடியோ காலும் நிரப்ப முடியுமா? புதுச்சேரியை வைத்துப் பார்ப்போம்.

'உளசமூக ஆதரவு'ன்னா என்ன?

பெயர் பெருசா இருந்தாலும் விஷயம் எளிமையானது. நோய் உடம்பை மட்டும் தாக்குவதில்லை. குழந்தையின் மனசு, படிப்பு, நட்பு, அப்பாவின் வேலை, வீட்டுக் கடன், கூடப் பிறந்தவர்கள் எல்லோரையும் தொடுகிறது. இவற்றைக் கவனிப்பதும் சிகிச்சையின் ஒரு பகுதி என்பதுதான் இதன் அடிப்படை.

குழந்தைப் புற்றுநோயில் இதற்கென 15 தரநிலைகளை வல்லுநர்கள் குழு ஒன்று 2015-ல் வெளியிட்டது. பெற்றோரின் மனநலத்தைப் பரிசோதிப்பது, குடும்பத்தின் பண நெருக்கடியைக் கேட்டறிவது, பள்ளிக்குத் திரும்ப உதவுவது, உடன்பிறந்தவர்களைக் கவனிப்பது எல்லாம் அதில் உண்டு. குழந்தை இறந்துவிட்டால், சிகிச்சை தந்த குழுவிலிருந்து ஒருவர் அந்தக் குடும்பத்தைத் தொடர்புகொள்ள வேண்டும் என்பதும் அதில் ஒன்று.

'இதெல்லாம் வசதியான நாடுகளுக்குத்தானே?' என்று தோன்றலாம். ஆனால் வசதி குறைந்த நாடுகளில் குழந்தைப் புற்றுநோய் மரணங்கள் அதிகமாக இருக்கும் காரணங்களில் ஒன்றாக உலக சுகாதார நிறுவனம் சொல்வது, சிகிச்சையைப் பாதியில் விடுவதை. வசதியான நாடுகளில் 80 சதவீதத்துக்கும் மேற்பட்ட குழந்தைகள் குணமாகிறார்கள். 2030-க்குள் உலகம் முழுக்க குறைந்தது 60 சதவீதக் குழந்தைகளாவது பிழைக்க வேண்டும் என்பது அந்த நிறுவனத்தின் இலக்கு. பயத்தாலும் சோர்வாலும் பணமில்லாமலும் ஒரு குடும்பம் ஊருக்குத் திரும்பிவிட்டால், எவ்வளவு நல்ல மருந்து இருந்தும் பிரயோஜனமில்லை. அந்தக் குடும்பத்தை மாதாமாதம் ஒருவர் போனில் கூப்பிட்டுப் பேசுவது உயிர் காக்கும் வேலைதான்.

ஏன் புதுச்சேரி?

பிரெஞ்சுக்காரர்கள் 1823-ல் இங்கே தொடங்கிய மருத்துவப் பள்ளிதான் இன்றைய ஜிப்மரின் வேர். 2008-ல் நாடாளுமன்றச் சட்டம் மூலம் தேசிய முக்கியத்துவம் வாய்ந்த நிறுவனமானது. கோரிமேட்டுக்கு வரும் நோயாளிகளில் விழுப்புரம், கடலூர், கள்ளக்குறிச்சி, திருவண்ணாமலைப் பக்கத்துக் குடும்பங்கள் ஏராளம். நகருக்குள் எல்லைப்பிள்ளைச்சாவடியில் ராஜீவ் காந்தி அரசு மகளிர் மற்றும் குழந்தைகள் மருத்துவமனை இருக்கிறது. சின்ன ஊர், ஆனால் சுற்றுவட்டார மாவட்டங்களுக்கே பெரிய ஆஸ்பத்திரி ஊர்.

புதுச்சேரி யூனியன் பிரதேசமே நான்கு துண்டு. காரைக்கால் சுமார் 130 கி.மீ. தள்ளி இருக்கிறது. கேரளக் கரையில் உள்ள மாஹே 600 கி.மீ.க்கு மேல், ஆந்திராவுக்குள் இருக்கும் ஏனாம் 800 கி.மீ.க்கு மேல். ஒரு மணி நேரம் கவுன்சலரிடம் பேச ஒரு நாள் கூலியை விட்டு, நோய் எதிர்ப்புச் சக்தி குறைந்த பிள்ளையைக் கூட்டமான பஸ்ஸில் ஏற்றி அழைத்து வர முடியாது. ஆன்லைன் இங்கே சொகுசு இல்லை, தேவை.

இன்னொரு எண்ணும் கவலை தருகிறது. தேசிய குற்ற ஆவணக் காப்பகத்தின் 2022 கணக்குப்படி தற்கொலை விகிதம் இந்திய அளவில் 1 லட்சம் பேருக்கு 12.4, புதுச்சேரியில் 29.7. இது எல்லா வயதினருக்கும் சேர்த்த கணக்கு. நோயாளிக் குழந்தைகளைப் பற்றித் தனியாக எதையும் சொல்லவில்லை. ஆனால் மனநல உதவியைக் கடைசியாகப் பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிவைக்கும் நிலையில் இந்த ஊர் இல்லை என்பதைச் சொல்கிறது.

இது புது யோசனையா?

இல்லை. 2004 சுனாமிக்குப் பிறகு, 2005-லேயே சென்னையைச் சேர்ந்த ஸ்கார்ஃப் அமைப்பு தமிழகக் கடலோரத்தில் தொலைதூர மனநல ஆலோசனையைத் தொடங்கியது. பிறகு 2010-ல் புதுக்கோட்டை மாவட்டத்தில் ஒரு பஸ்ஸையே கிளினிக்காக மாற்றி, கிராமத்தில் இருக்கும் நோயாளியை சென்னை மனநல மருத்துவரோடு வீடியோவில் பேசவைத்தது. ஸ்மார்ட்போன் எல்லார் கைக்கும் வராத காலம் அது.

கொரோனா வந்தபோது, 2020 மார்ச் 25 அன்று மத்திய அரசு டெலிமெடிசின் வழிகாட்டுதல்களை வெளியிட்டது. போனில் வைத்தியம் பார்ப்பது சட்டப்படி சரியா என்ற குழப்பம் அதோடு தீர்ந்தது.

ஆஸ்திரேலியாவில் 'கேஸ்கேட்' என்று ஒரு திட்டம் உண்டு. புற்றுநோய்ச் சிகிச்சை முடிந்த குழந்தைகளின் பெற்றோரைச் சின்னக் குழுவாகச் சேர்த்து, ஒரு உளவியலாளர் ஆன்லைனில் வாரம் ஒருமுறை என நான்கு அமர்வுகள் பேசுகிறார். சிகிச்சை முடிந்த பிறகு ஏன்? 'நோய் திரும்ப வந்துடுமோ' என்ற பயம் பலருக்கு அப்போதுதான் பெரிதாகிறது. ஆஸ்பத்திரிக்குப் போகும் வழக்கமும் அப்போதுதான் குறைகிறது.

14416 இருக்கே, போதாதா?

டெலி மானஸ். 2022-23 பட்ஜெட்டில் அறிவிக்கப்பட்டு, 2022 அக்டோபர் 10 அன்று தொடங்கியது. எண்: 14416 அல்லது 1800-891-4416. 24 மணி நேரமும், இலவசமாக, தமிழ், தெலுங்கு, மலையாளம் உட்பட 20 மொழிகளில் பேசலாம். புதுச்சேரியின் நான்கு துண்டுக்கும் இந்த மொழி வசதி ரொம்ப முக்கியம். பெங்களூரு நிம்ஹான்ஸ்தான் இதன் தலைமை மையம். முதலில் பயிற்சி பெற்ற ஆலோசகர் பேசுவார். தேவைப்பட்டால் மனநல நிபுணருக்கோ மாவட்ட மனநலத் திட்டத்துக்கோ அனுப்புவார். 2025-ல் மொத்த அழைப்புகள் 20 லட்சத்தைத் தாண்டின.

நல்ல சேவைதான். ஆனால் இதன் அமைப்பைப் பாருங்கள்: நாம்தான் கூப்பிட வேண்டும். எடுப்பவருக்கு குழந்தையின் நோய் என்ன, எந்த கீமோ நடக்கிறது, டாக்டர் குடும்பத்திடம் என்ன சொன்னார் என்று எதுவும் தெரியாது. ராத்திரி 2 மணிக்கு அழும் ஒரு அம்மாவுக்கு அது பெரிய ஆறுதல். இரண்டு ஆண்டு சிகிச்சை முழுக்க ஒரே ஆள், அதே குடும்பத்தோடு, அதே கதையைத் தொடர்ந்து கேட்பது என்பது வேற வேலை. அது சிகிச்சை நடக்கும் ஆஸ்பத்திரியிலிருந்துதான் வர வேண்டும்.

ஹெல்ப்லைனும் ஆஸ்பத்திரி தரும் தொடர் ஆதரவும் ஒன்றுக்கு ஒன்று மாற்று இல்லை. 'நம்பர் கொடுத்தாச்சு' என்று சொல்லி இரண்டாவதைக் கைவிட்டுவிடக் கூடாது.

போனில் பேசுவது யார்? எப்படித் தெரிந்துகொள்வது?

'கவுன்சலர்' என்று யார் வேண்டுமானாலும் போர்டு மாட்டிக்கொள்ளும் நிலைதான் நம்ம ஊரில். அதனால் வித்தியாசம் தெரிந்திருப்பது நல்லது.

• மனநல மருத்துவர்: எம்.பி.பி.எஸ். முடித்து மனநலத்தில் மேற்படிப்பு படித்தவர். மாத்திரை எழுதலாம்.

• கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட்: இந்திய மறுவாழ்வு கவுன்சிலில் பதிவு எண் இருக்க வேண்டும். கேட்டால் சொல்லியாக வேண்டும். மாத்திரை தர மாட்டார்.

• மருத்துவ, மனநல சமூகப் பணியாளர்: பண உதவி, பள்ளி, குடும்பச் சிக்கல் எல்லாவற்றையும் சேர்த்துப் பார்ப்பவர். 2021-ல் வந்த துணை மருத்துவத் தொழில்கள் ஆணையச் சட்டம் இவர்களையும் அங்கீகரிக்கிறது.

• தன்னார்வலர்: காது கொடுத்துக் கேட்பார். மதிப்பான உதவி, ஆனால் சிகிச்சை அல்ல.

இன்ஸ்டாகிராம் ரீல்ஸில் பார்த்தவரிடம் பணம் கட்டும் முன், பதிவு எண்ணைக் கேளுங்கள்.

சட்டம் என்ன சொல்கிறது?

டெலிமெடிசின் வழிகாட்டுதல்படி, 18 வயதுக்கு உட்பட்டவரை டாக்டர் ஆன்லைனில் பார்க்க வேண்டுமென்றால் கூடவே ஒரு பெரியவர் இருக்க வேண்டும். அவர் யார் என்பதையும் உறுதிசெய்ய வேண்டும். 2023-ன் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டமும் 18 வயதுக்குக் கீழே உள்ளவர்களின் தகவலைக் கையாள பெற்றோரின் சம்மதம் கேட்கிறது (ஆஸ்பத்திரிகளுக்கும் மருத்துவப் பணியாளர்களுக்கும் சிகிச்சைக்குத் தேவையான அளவுக்கு விதிகளில் விலக்கு உண்டு). 2017-ன் மனநலப் பராமரிப்புச் சட்டம், மனநலச் சேவை பெறுவதை உரிமையாக்குகிறது. ரகசியம் காக்கப்படும் உரிமையும் தருகிறது.

குழந்தையின் பாதுகாப்புக்காகத்தான் இந்த விதிகள். ஆனால் நடைமுறையில் ஒரு முடிச்சு விழுகிறது. 15 வயதுப் பெண் தன் உடம்பு மாறுவதைப் பற்றியோ, சாவு பயத்தைப் பற்றியோ அப்பா பக்கத்தில் உட்கார்ந்திருக்கும்போது பேசுவாளா? பெரும்பாலும் 'நல்லா இருக்கேன்' என்றுதான் சொல்வாள். வீட்டில் இருப்பது ஒரே போன், ஒரே அறை என்றால் இன்னும் கஷ்டம்.

அனுபவமுள்ள நிபுணர்கள் இதற்கு வழி வைத்திருக்கிறார்கள். முதல் சில நிமிடம் பெற்றோரோடு பேசிச் சம்மதம் வாங்குவது, பிறகு அவர்களைக் கொஞ்சம் தள்ளி இருக்கச் சொல்வது, இயர்போன் போடச் சொல்வது, 'ஆமா, இல்ல' என்று பதில் சொல்லக்கூடிய கேள்விகளாகக் கேட்பது, பேச முடியாததை டைப் செய்யச் சொல்வது. கால் தொடங்கும்போதே எங்கிருந்து பேசுகிறார், லைன் கட்டானால் யாரைக் கூப்பிடுவது என்று குறித்துக்கொள்வதும் அடிப்படை.

ஆன்லைனால் முடியாதது எது?

சின்னக் குழந்தைகள் விளையாட்டு வழியாகத்தான் பேசும். நான்கு வயதுக் குழந்தையை ஸ்க்ரீன் முன்னால் உட்கார வைத்து கவுன்சலிங் செய்வது நடக்காத காரியம். அங்கே அம்மா அப்பாவுக்குச் சொல்லித் தருவதுதான் வேலை. கெட்ட செய்தியை முதன்முதலாகச் சொல்வது நேரில்தான் இருக்க வேண்டும். தற்கொலை எண்ணம், வீட்டில் வன்முறை என்றால் போன் ஒரு தொடக்கம் மட்டுமே. உடனே நேரடி உதவி தேவை.

என்ன செய்யலாம்?

புதிய செயலி, புதிய கட்டடம் எதுவும் தேவையில்லை. டிஸ்சார்ஜ் சீட்டில் மருந்துக்குக் கீழே இன்னொரு வரி: இந்தக் குடும்பத்தை அடுத்து யார், எந்தத் தேதியில் போன் செய்வார். அந்த 'யார்' என்பவர், வார்டில் அவர்களை ஏற்கெனவே ஒருமுறையாவது நேரில் பார்த்தவராக இருக்க வேண்டும். முகம் தெரிந்தவரிடம்தான் மனசு திறக்கும்.

இதற்கு ஒரே ஒரு செலவு உண்டு: ஆள். குழந்தைகள் வார்டுக்கென நிரந்தரமான சமூகப் பணியாளர், உளவியலாளர் பணியிடங்கள். டாக்டர், நர்ஸ் பணியிடம் காலியாக இருந்தால் செய்தி ஆகிறது. இவர்கள் இல்லை என்றால் யாரும் கேட்பதுகூட இல்லை.

அதுவரை நீங்கள் செய்யக்கூடியது: அடுத்த செக்கப்புக்குப் போகும்போது, "இங்கே சோஷியல் வொர்க்கர் இருக்காங்களா, போன்ல பேச முடியுமா?" என்று கேளுங்கள். நோயுற்ற பிள்ளைக்கு மட்டுமில்லை. அவரோடு வளரும் தம்பி தங்கைக்கும், தூங்காமல் இருக்கும் உங்களுக்கும் சேர்த்துக் கேளுங்கள். கேட்பவர்கள் எண்ணிக்கை கூடினால்தான் இது ஒரு தேவை என்று கணக்கில் ஏறும்.

*மனநல உதவிக்கு: டெலி மானஸ் 14416 (24 மணி நேரமும், இலவசம்). குழந்தைகள் பாதுகாப்புக்கு: 1098. அவசர உதவிக்கு: 112.*