தோல்வியைச் சுமந்தவர்களுக்கு அறுவடையில் பங்கில்லை

தொழில்முறை விளையாட்டில் ஓர் அணி தோற்றுக்கொண்டேயிருக்கும் பருவகாலத்தைப் பற்றி எவரும் விரிவாக எழுதுவதில்லை. பத்திரிகைகளில் வென்றவர்களுக்கே இடம். ஆயினும், ஒரு நகரத்திற்கும் அதன் அணிக்கும் இடையிலான உறவு எத்தகையது என்பதை வெற்றியைவிடத் தோல்வியே தெளிவாகக் காட்டுகிறது என்பது என் எண்ணம். என்.பி.ஏ. எனப்படும் அமெரிக்கத் தேசிய கூடைப்பந்தாட்டச் சங்கத்தின் 2007-08 பருவகாலத்தில் சியாட்டில் சூப்பர்சொனிக்ஸ் அணி ஆடிய 82 ஆட்டங்கள் இதற்குச் சிறந்த உதாரணமாகும்.

வெற்றி 20, தோல்வி 62. 1967இல் தொடங்கி, 1979இல் சம்பியன் பட்டமும் வென்ற அந்த அணி, சியாட்டிலில் அதற்கு முன்னர் இத்தகைய வீழ்ச்சியைக் கண்டதில்லை. முதல் எட்டு ஆட்டங்களிலும் தோல்வி. 2008 மார்ச்சில் டென்வர் அணியிடம் 168-116 என்ற கணக்கில், 52 புள்ளிகள் வித்தியாசத்தில் தோற்றது. பருவகாலம் தொடங்குவதற்கு முன்னரே அணியின் இரு பெரும் தூண்களான ரே அலன், ரஷாட் லூயிஸ் ஆகியோர் வேறு அணிகளுக்கு அனுப்பப்பட்டிருந்தனர். அதே ஆண்டில் ரே அலன் பொஸ்டன் அணியுடன் சம்பியனானார் என்பதையும் இங்கு நினைவிற்கொள்ள வேண்டும்.

ஆனாலும் இரசிகர்களுக்கு ஒரு நம்பிக்கை இருந்தது. என்.பி.ஏ.யில் மோசமாகத் தோற்ற அணிகளுக்கே அடுத்த ஆண்டின் சிறந்த இளம் வீரர்களை முன்னதாகத் தெரிவுசெய்யும் வாய்ப்பு அதிகம். இன்று தோற்றால் நாளை பலன் உண்டு என்பதே அதன் பொருள். அவ்வாறு கிடைத்தவர்தான் 2007இல் இரண்டாவதாகத் தெரிவான கெவின் டுரன்ட். தமது முதற் பருவகாலத்திலேயே ஆட்டமொன்றுக்குச் சராசரியாக 20.3 புள்ளிகள் பெற்று, ஆண்டின் சிறந்த புதுமுக வீரராகவும் தெரிவானார். பத்தொன்பது வயது இளைஞர் ஒருவர் கண்முன்னே வளர்வதைக் காண்பதற்காகத் தோல்விகளைப் பொறுத்துக்கொள்ளலாம். தோற்கும் அணிக்கு இரசிகன் அளிக்கும் ஆதரவு ஒரு வகையில் கடன்தான். வருங்காலத்தில் திருப்பித் தரப்படும் என்று நம்பிக் கொடுக்கும் கடன்.

அந்தக் கடன் திருப்பித் தரப்படவில்லை.

ஸ்டார்பக்ஸ் கோப்பி நிறுவனத்தின் தலைவராக இருந்த ஹவார்ட் ஷூல்ட்ஸ் தலைமையிலான குழுவினர் 2001இல் 200 மில்லியன் டொலருக்கு வாங்கிய அணியை, 2006இல் 350 மில்லியன் டொலருக்கு ஒக்லஹோமா நகர முதலீட்டாளர்களிடம் விற்றனர். கிளே பெனட் தலைமையிலான அக்குழு, சியாட்டில் பகுதியில் 500 மில்லியன் டொலர் செலவில் புதிய உள்ளக அரங்கு வேண்டுமெனவும், அதன் பெரும்பகுதியை வரிப்பணத்திலிருந்து தரவேண்டுமெனவும் கேட்டது. மாநிலச் சட்டசபை அதற்கு இணங்கவில்லை. அணியைச் சியாட்டிலில் வைத்திருப்பதற்காகத் தாங்கள் அதனை வாங்கவில்லை என்று 2007இல் பங்காளிகளில் ஒருவரான ஒப்ரி மக்லென்டன் பத்திரிகையொன்றிடம் வெளிப்படையாகக் கூறினார். என்.பி.ஏ. அவருக்கு 250,000 டொலர் அபராதம் விதித்தது. ஆனால் அவர் கூறியதே இறுதியில் நடந்தது.

2008 ஏப்ரல் 13ஆம் திகதி, தமது மண்ணில் ஆடிய கடைசி ஆட்டத்தில் சூப்பர்சொனிக்ஸ் டலஸ் அணியை 99-95 என வென்றது. ஐந்து நாட்களின் பின்னர் அணி உரிமையாளர்கள் 28-2 என்ற வாக்குகளால் இடமாற்றத்தை அங்கீகரித்தனர். ஜூன் 26இல், அந்த மோசமான பருவகாலத்தின் பலனாகக் கிடைத்த நான்காவது தெரிவில் ரஸல் வெஸ்ட்புரூக் என்ற இளைஞரை அணி பெற்றது. ஜூலை 2இல் சியாட்டில் மாநகர சபை 45 மில்லியன் டொலர் பெற்றுக்கொண்டு வழக்கை முடித்துக்கொண்டது. வெஸ்ட்புரூக் சியாட்டிலுக்காக ஓர் ஆட்டம்கூட ஆடவில்லை. ஒக்லஹோமா சிற்றி தண்டர் என்று பெயர் மாறிய அணியில் அவரும் டுரன்டும் இணைந்து ஆடி, 2012இல் இறுதிப் போட்டிவரை சென்றனர். 62 தோல்விகளைச் சகித்தது ஓர் ஊர். அவற்றின் விளைச்சலை அனுபவித்தது வேறோர் ஊர்.

வரிப்பணம் தர மறுத்தவர்கள் சியாட்டில் மக்கள்தானே, பின்னர் அழுது என்ன பயன் என்று கேட்போர் உண்டு. 2006 நவம்பரில் நடைபெற்ற வாக்கெடுப்பில், விளையாட்டு நிறுவனங்களுக்கு இலாபமில்லாமல் பொதுப்பணத்தை வழங்கக்கூடாது என்று பெரும்பான்மையான வாக்காளர்கள் தீர்ப்பளித்தது உண்மையே. அது நியாயமான தீர்ப்பு என்றே நான் கருதுகிறேன். தனியார் வணிகத்திற்கு மானியம் தர மறுப்பது வேறு, அணியே வேண்டாம் என்பது வேறு. போதாது என்று தள்ளப்பட்ட அதே அரங்கின் கூரையை மட்டும் வைத்துக்கொண்டு, ஒரு பில்லியன் டொலருக்கு மேற்பட்ட, பெரும்பாலும் தனியார் பணத்தைக் கொண்டு, முற்றிலும் புதிய அரங்கு 2021இல் அங்கு திறக்கப்பட்டது. பொதுப்பணம் இன்றி வழியே இல்லை என்ற வாதம் எவ்வளவு தூரம் உண்மையானது என்பதை வாசகர்களே தீர்மானிக்கலாம்.

ஒக்லஹோமா மக்கள்மீது குறை கூறுவதற்கில்லை. கத்ரீனா சூறாவளியால் இடம்பெயர்ந்த நியூ ஓர்லியன்ஸ் அணியை இரண்டு பருவகாலங்கள் வரவேற்று ஆதரித்தவர்கள் அவர்கள். சியாட்டில் தரப்பும் பழியற்றதல்ல. 2013இல் அங்கிருந்த ஒரு முதலீட்டுக் குழு சக்ரமென்டோ நகரின் அணியை வாங்கித் தங்கள் ஊருக்குக் கொண்டுவர முயன்றது. 22-8 என்ற வாக்குகளால் என்.பி.ஏ. அதனைத் தடுத்தது. தனக்கு நேர்ந்ததை இன்னொருவருக்குச் செய்யத் துணிவதை நீதி எனக் கூற முடியாது. எனவே இங்கு கெட்டவர் யார் என்று தேடுவதில் பயனில்லை. குறை அந்த ஏற்பாட்டிலேயே இருக்கிறது.

பத்திரிகைத் தொழிலில் இருப்பவன் என்ற வகையில் இது எனக்குப் புதிதல்ல. சியாட்டிலில் 1863 முதல் வெளிவந்த போஸ்ட் இன்டெலிஜென்சர் நாளிதழின் அச்சுப் பதிப்பு, அணி சென்ற மறு ஆண்டிலேயே, 2009 மார்ச்சில், உரிமையாளரின் தீர்மானத்தினால் நின்றது. வாசகர் "எங்கள் பத்திரிகை" என்கிறார், இரசிகர் "எங்கள் அணி" என்கிறார். கணக்கேட்டில் அந்த "எங்கள்" என்ற சொல்லுக்குப் பெறுமதி எதுவும் இல்லை.

மாற்றுவழி இல்லை என்றும் கூறமுடியாது. அதே கசப்பான பருவகாலத்தின் நடுவே, 2008 ஜனவரியில், பெனட் குழுவின் கையிலிருந்த சியாட்டில் ஸ்டோர்ம் பெண்கள் அணியை உள்ளூர்ப் பெண்கள் சிலர் இணைந்து 10 மில்லியன் டொலருக்கு வாங்கினர். அவ்வணி ஊரைவிட்டுப் போகவில்லை. 2010, 2018, 2020 ஆகிய ஆண்டுகளில் சம்பியன் பட்டங்களையும் வென்று கொடுத்தது.

ஓர் அணி விற்கப்படும்போது முதலில் வாங்கும் உரிமை உள்ளூர்க் குழுக்களுக்குக் கிடைக்கவேண்டும். இடமாற்றம் பற்றிய முடிவு உரிமையாளர்களின் வாக்குகளால் மட்டும் எடுக்கப்படலாகாது. 2025இல் தண்டர் அணி சம்பியனானபோது ஒக்லஹோமாவில் எழுந்த மகிழ்ச்சி நியாயமானதே. ஆனால் உடன்பாட்டின்படி சியாட்டிலுக்கு எஞ்சியவை சூப்பர்சொனிக்ஸ் என்ற பெயரும் பச்சை, பொன் நிறங்களும்தான். பெயரை விட்டுச்செல்வதும் ஒரு மரியாதைதான் என்று சிலர் கூறக்கூடும். ஆடுவதற்கு ஆளில்லாத சீருடையை வைத்துக்கொண்டு ஓர் ஊர் என்ன செய்யும்?