எந்தக் கையால் தடவுவது?

சட்டையில் மாட்டிப் பாட்டுக் கேட்கும், திரையே இல்லாத கிளிப் பிளேயருக்கு ஏன் காசு, ஃபோன் இருக்கிறதே என்கிறார் நண்பர். கொழும்பில் மேசை முன்னால் உட்கார்ந்து அப்படிக் கேட்கலாம். நானுஓயா மலையில், மழைக்குள் இரண்டு கையும் தேயிலைக் கொழுந்தில் இருக்கும்போது எந்தக் கையால் திரையைத் தடவுவது? ஈர விரலுக்குத் தொடுதிரை பணியாது, பொத்தான் பணியும்.

ஆப்பிளே இதைப் பட்டுத்தான் அறிந்தது. 2006இல் ஐபொட் ஷஃபிளுக்குக் கிளிப் வந்தது. 2009இல் பொத்தான்களைப் பிடுங்கி இயர்ஃபோன் வயரில் வைத்தார்கள். சாதாரண இயர்ஃபோன் போட்டால் பாட்டை மாற்ற வழியில்லை. வாங்கியவர்கள் திட்டித் தீர்த்தார்கள். 2010இல் பொத்தான்கள் திரும்பின, எடை வெறும் 12.5 கிராம்.

குறையே இல்லையா? உண்டு, ஆனால் நண்பர் சொல்வதல்ல. 2009 ஷஃபிள் பாட்டின் பெயரை 14 மொழிகளில் பேசியது, தமிழில் பேசவில்லை. வானொலியும் கிடையாது. இலங்கை வானொலியோடு வளர்ந்த மலையகத்துக்கு அது சின்னக் குறையா? ஆகவே என் ஓட்டு 2007இல் வந்த சான்சா கிளிப்புக்கு: எஃப்எம் உண்டு, நண்பர் கேட்கும் குட்டித் திரையும் உண்டு.

ஃபோனில் ஸ்ட்ரீமிங் போதுமாம். ரயிலேறி அட்டன் பக்கம் போய், சிங்கமலைச் சுரங்கத்துக்குள் கேட்டுக் காட்டட்டும்.