பாதியில் நின்ற கொடி

நாம் மாணவராயிருந்த நாட்களில் எமது அயல் வளவிலே ஓய்வூதியம் பெற்ற பெரியவர் ஒருவர் வாழ்ந்தார். 1950 ஆம் ஆண்டில் அமைக்கப்பட்ட ராயல் சிலோன் கடற்படையில் இளைஞராய்ச் சேர்ந்து, பின்னர் சமிக்ஞைப் பயிற்றுநராய்ப் பல வருடங்கள் கடமையாற்றியவர். அவருடைய திண்ணையில் போய் அமர்ந்தால் கடற்கதை கேட்கலாம் என்பது எம் ஆசை. அவரோ புயலையும் போரையும் விட்டுவிட்டுத் தாம் படிப்பித்த பையன்களைப் பற்றியே பேசுவார்.

மோர்ஸ் குறியைப் புள்ளி, கோடு என்று எண்ணிப் பிடிக்க முயல்பவன் ஒருநாளும் தேறமாட்டான் என்பது அவர் முடிபு. மிருதங்கச் சொல்லைப் போல ஒவ்வோர் எழுத்தும் ஓர் ஓசையாகவே காதில் ஏறவேண்டுமாம். ஆனால் அவர் மிகவும் மதித்த பாடம் கொடிப் பாடமே.

ஒரு கப்பல் கொடிகளால் செய்தி சொல்லும்போது, அதனைக் கண்ட கப்பல் பதிற்கொடியைப் பாதி உயரத்துக்கு ஏற்றும். "கண்டோம், இன்னும் விளங்கவில்லை" என்பது அதன் பொருள். விளங்கிய பின்னரே கொடி உச்சிக்குப் போகும். (துக்கத்துக்குப் பறக்கும் அரைக்கம்பக் கொடி வேறு.)

"தம்பி, விளங்கவில்லை என்று சொல்லுவதற்கு ஒரு கொடியும் ஓர் உயரமும் வைத்திருக்கிறார்கள். அதிலே வெட்கமில்லை. விளங்காமல் உச்சிக்கு ஏற்றுகிறவனுக்குத்தான் நான் பயப்படுவேன்" என்பார். உடனே விக்டோரியாவின் கதை தொடங்கும்.

1893 ஆம் ஆண்டு யூன் 22 ஆந் திகதி, இன்றைய லெபனானின் திரிப்போலிக் கரைக்கு அப்பால், பிரித்தானிய மத்தியதரைக்கடற் படை இரண்டு வரிசைகளாய்ச் சென்றுகொண்டிருந்தது. ஒரு வரிசைக்கு முன்னே தலைமைத் தளபதி ஜோர்ஜ் ட்ரையனின் விக்டோரியா. மற்றதற்கு முன்னே மார்க்கம் என்னும் துணைத்தளபதியின் கம்பர்டவுன். இடைவெளி ஏறக்குறைய 1,100 மீற்றர். இரு வரிசைகளும் ஒன்றையொன்று நோக்கி உட்புறமாய்த் திரும்புக என்று ட்ரையன் கொடியேற்றுவித்தார். அவ்வாறு திரும்புவதற்கு 1,450 மீற்றராவது வேண்டும். மார்க்கம் திகைத்தார்; தமது கொடியைப் பாதியிலே நிறுத்தினார். அதுவே சரியான செயல். ஆனால் விக்டோரியாவிலிருந்து, படை முழுவதும் பார்த்திருக்க, செமபோர்ச் சைகையால் ஒரு கேள்வி வந்தது: எதற்காகக் காத்திருக்கிறீர்?

கம்பர்டவுனின் கொடி உச்சிக்கு ஏறியது. தளபதி தம்மைச் சுற்றிக்கொண்டு வெளிப்புறமாய்ப் போக எண்ணியிருப்பார் என்று மார்க்கம் தமக்குத் தாமே ஒரு விளக்கம் செய்துகொண்டார். சில நிமிடங்களில் கம்பர்டவுனின் முகப்பு விக்டோரியாவைப் பிளந்தது. ட்ரையனோடு 358 பேர் மாண்டனர். மோல்ற்றாவிற் கூடிய இராணுவ நீதிமன்றம், மார்க்கம் தம் ஐயத்தைத் தளபதிக்குத் தெரிவிக்காமை வருந்தத்தக்கது என்றது. ஆனால் மேலதிகாரியின் கட்டளைக்குப் பணிந்தவரைக் குற்றவாளியாக்கவில்லை.

"பிழை கொடியிலேயல்ல, அந்தக் கேள்வியிலே" என்பார் பெரியவர். நீதிமன்றம் அவ்வளவு தெளிவாய்ச் சொன்னதாய் நமக்குத் தோன்றவில்லை.

அவர் காலமாகிப் பல வருடங்களாகின்றன. நாமும் ஆசிரியரானோம். சென்ற தவணையில், சாதாரணதர வகுப்பிற் திரிகோணகணிதம் படிப்பித்துவிட்டு, "விளங்கிற்றா?" என்றோம். "ஓம் சேர்" என்று வகுப்பே முழங்கிற்று. பின்வாங்கிலிலே ஒரு கை மட்டும் தோளளவுக்கு எழுந்து நின்றது. மணியடிக்க ஐந்து நிமிடமே இருந்தது. "நீர் எதற்கு இன்னும் காத்திருக்கிறீர்?" என்றோம். வகுப்புச் சிரித்தது, கை இறங்கியது.

தவணைப் பரீட்சையில் அவன் அந்தக் கணக்கைத் தொடவேயில்லை. விடைத்தாளைத் திருத்திக்கொண்டிருந்தபோதுதான் பெரியவரின் திண்ணை நினைவுக்கு வந்தது. மறுநாள் அவனைத் தனியே அழைத்து, அன்றைக்கு என்ன கேட்க வந்தாய் என்று வினவினோம்.

"மறந்துபோச்சு, சேர்" என்றான்.