மஞ்சட்கரு யாருக்கு?

காலையில் உங்கள் வீட்டில் நான்கு முட்டை அவிகிறது என்று வைத்துக்கொள்வோம். ஒன்று கணவருக்கு, ஒன்று மாமிக்கு, இரண்டு பிள்ளைகளுக்கு. வயிற்றில் பிள்ளையோடு குசினியில் நிற்கும் உங்களுக்கு? "எனக்குப் பாணும் சம்பலும் போதும்" என்று சொல்லிவிடுகிறீர்கள். சகோதரியே, அந்த வீட்டில் முட்டை அதிகம் தேவைப்பட்டவர் நீங்கள்தான்.

காரணம், மஞ்சட்கருவில் இருக்கும் கோலின் என்னும் சத்து. விற்றமின் பட்டியலில் இதற்கு எழுத்து கிடையாது; ஆனால் விற்றமினைப் போலவே வேலை செய்கிறது. 1862ஆம் ஆண்டிலேயே ஜேர்மன் இரசாயனவியலாளர் ஸ்ட்ரெக்கர் இதற்குப் பெயரிட்டிருந்தார். அப்படியிருந்தும், உணவில் கட்டாயம் இருக்க வேண்டிய சத்து என்று அமெரிக்க மருத்துவக் கழகம் இதை ஏற்றது 1998இல்தான். நமது உடலும் சிறிதளவு கோலினைத் தயாரிக்கிறது. ஆனால் அது போதாது.

கருவிலிருக்கும் குழந்தையின் மூளையும் நரம்புகளும் வளரக் கோலின் வேண்டும். குழந்தை அதைத் தாயிடமிருந்தே இழுத்துக்கொள்கிறது. பிறந்த பின்னும் தாய்ப்பால் வழியாக அது போய்க்கொண்டேயிருக்கும். அதனால்தான் சாதாரணமாக ஒரு பெண்ணுக்கு நாளொன்றுக்கு 425 மில்லிகிராம் என்றிருக்கும் அளவு, கர்ப்ப காலத்தில் 450 ஆகவும், பாலூட்டும்போது 550 ஆகவும் உயர்கிறது. ஒரு பெரிய முட்டையில் ஏறத்தாழ 145 மில்லிகிராம் உண்டு, அத்தனையும் மஞ்சட்கருவில். வெள்ளைக்கருவை மட்டும் தின்று மற்றதை ஒதுக்குபவர்கள் இதைக் கவனிக்கவும். கிளினிக்கில் தரும் இரும்புச்சத்து, போலிக் அசிட் குளிகைகள் அவசியம்தான், நிறுத்திவிடாதீர்கள். ஆனால் அவற்றில் கோலின் இல்லை.

ஈரலுக்கும் இது வேண்டும். ஈரலில் சேரும் கொழுப்பை வெளியே அனுப்பக் கோலின் உதவுகிறது. மிகவும் குறைந்தால் கொழுப்பு அங்கேயே தங்கிவிடும். இதைக் கேட்டு 'ஈரல் கொழுப்பைக் கரைக்கும் குளிகை' தேடிக் கடைக்கு ஓட வேண்டாம். உடல் நிறை, சீனி, நடை ஆகியவற்றைக் கவனிக்காமல் குளிகையால் மட்டும் ஆகும் காரியமல்ல அது. அளவு மீறினால் வியர்வையில் மீன் வாடை வீசும், இரத்த அழுத்தமும் இறங்கும்.

முட்டைக்கு அடுத்தபடி மாட்டு ஈரல். ஒரு சிறு பங்கிலேயே 350 மில்லிகிராம் வரை கிடைக்கும். ஹஜ்ஜுப் பெருநாளில் ஈரல் கறி சமைக்காத வீடு நம்மில் குறைவு. ஆயினும் கர்ப்பிணிகள் அதை அடிக்கடி உண்ணக் கூடாது. ஈரலில் விற்றமின் ஏ மிக அதிகம். அது கருவைப் பாதிக்கலாம். இறைச்சி, கோழி, மீன், பால், கடலை, பருப்பு எல்லாவற்றிலும் கொஞ்சம் கொஞ்சம் உண்டு. முட்டை வாங்க வசதி குறைந்த மாதத்தில் சோயா கைகொடுக்கும். திரிபோஷாவிலும் சோயா இருக்கிறது. அது தாய்க்கென்று தரப்பட்டது, வீட்டாருக்கெல்லாம் உருண்டை பிடித்துக் கொடுத்துவிடாதீர்கள்.

கொலஸ்திரோல் பயம் சிலருக்கு இருக்கும். ஆரோக்கியமான ஒருவர் தினமும் ஒரு முட்டை உண்பதில் பொதுவாகத் தவறில்லை. நீரிழிவோ இருதய நோயோ உள்ளவர்கள் தமது வைத்தியரிடம் கேட்டுக்கொள்ளட்டும். 'வட்டிலப்பத்திலும் முட்டை இருக்கிறதே' என்று கேட்பீர்கள். இருக்கிறதுதான், கூடவே எவ்வளவு கருப்பட்டி போட்டீர்கள் என்பதையும் நினைத்துப் பாருங்கள்!