ஃபேன் சுவிட்ச் வைங்க, ஆனா சென்சரை வெட்டாதீங்க

ஹட்டன், தலவாக்கலை, நுவரெலியா பக்கம் ஓடுற பழைய கார்கள்லயும் சின்ன வேன்கள்லயும் டேஷ்போர்டுக்குக் கீழ தனியா ஒரு சுவிட்ச் இருக்கிறதைப் பார்த்திருப்பீங்க. கம்பெனி வச்சது இல்ல. பக்கத்துல படமோ எழுத்தோ எதுவும் இருக்காது. ஏத்தம் தொடங்கும்போது டிரைவர் அதைத் தட்டி விடுவார், முன்பக்கத்திலிருந்து ஒரு இரைச்சல் கேட்கும். அதுதான் ரேடியேட்டர் ஃபேனுக்குக் கையால போடுற சுவிட்ச்.

இந்தச் சுவிட்சைப் பத்திப் பேச்செடுத்தா ரெண்டு கட்சி உடனே உருவாகிடும். "கம்பெனிக்காரனுக்குத் தெரியாததா உனக்குத் தெரியும்?"னு ஒரு கட்சி. "கம்பெனிக்காரன் கினிகத்தேனை ஏத்தத்துல வண்டி ஓட்டினானா?"னு இன்னொரு கட்சி. எங்களுக்கு ரெண்டாவது கட்சி மேலதான் மரியாதை அதிகம். ஆனாலும் அவங்க சொல்றதுல பாதியைத்தான் ஏத்துக்க முடியும். சுவிட்ச் வைக்கிறது நல்ல யோசனை. சென்சரைத் தூக்கிட்டு அந்த இடத்துல சுவிட்சை வைக்கிறது, வண்டியோட கோளாறை டிரைவர் தலையில கட்டுற வேலை. இந்த ரெண்டுக்கும் உள்ள வித்தியாசத்தைத்தான் இங்க பேசப் போறோம்.

முதல்ல, எந்த வண்டிக்கு இது பொருந்தும்? லேலண்ட் பஸ்ஸுக்குப் பொருந்தாது, பழைய டொல்பின் வேனுக்கும் பொருந்தாது. அதுகள்ல ஃபேனை எஞ்சினே பெல்ட் வழியாச் சுத்துது. பஜாஜ் முச்சக்கர வண்டியில ரேடியேட்டரே இல்ல, காத்துலதான் எஞ்சின் ஆறுது. நாங்க பேசுறது ஆல்டோ, பழைய கொரோலா, சுசுகி எவ்ரி மாதிரி, கரண்ட்ல ஓடுற ஃபேன் உள்ள வண்டிகளைப் பத்தி. அதுகள்ல ஒரு சென்சர் தண்ணியோட சூட்டைப் பார்த்துக்கிட்டே இருக்கும். வண்டிக்கு வண்டி கொஞ்சம் மாறும், ஆனா பெரும்பாலும் 90க்கும் 100 பாகை செல்சியஸுக்கும் இடையில எங்கயோ ஃபேனைப் போடும். சூடு கொஞ்சம் இறங்கினதும் நிறுத்தும். டிரைவர் ஒண்ணும் செய்யத் தேவையில்ல.

சமதரையில வேகமா ஓடும்போது எதிர்க்காத்தே ரேடியேட்டரை ஆத்திடும், ஃபேனுக்கு அதிக வேலை இல்ல. மலையில கதை வேற. அவிசாவளையிலிருந்து கித்துல்கல, கினிகத்தேனை வழியா ஹட்டனுக்கு ஏறும்போது கிட்டத்தட்ட 1,270 மீற்றர் உயரத்துக்கு வந்துடுறோம். நுவரெலியா 1,868 மீற்றர். ரெண்டாம் கியர், ஆள் நிறைய, கூரையில மூட்டை, முன்னால மரக்கறி லொறி. எஞ்சின் கடுமையா உழைக்குது, வேகமோ மணிக்கு 20 கிலோமீற்றர். எதிர்க்காத்துன்னு சொல்ல ஒண்ணும் இல்ல. அந்த நேரத்துல எல்லாமே ஃபேனை நம்பித்தான் இருக்கு.

இன்னொரு விஷயம் உயரம். கடல் மட்டத்துல தண்ணி 100 பாகையில கொதிக்கும்னு பள்ளிக்கூடத்துல படிச்சோம். மேல போகப் போக, சுமார் 300 மீற்றருக்கு ஒரு பாகை வீதம் அது குறையும். ஹட்டன்ல ஏறக்குறைய 96, நுவரெலியாவுல 94. ரேடியேட்டர் மூடி ஒழுங்கா அழுத்தத்தைப் பிடிச்சு வச்சா இதைப் பத்திக் கவலையில்ல, 115 பாகை வரைக்கும் கூடத் தண்ணி கொதிக்காம நிக்கும். ஆனா மூடியோட ரப்பர் காஞ்சு போய், கூலன்டுக்குப் பதிலா பைப்புத் தண்ணி ஊத்தின வண்டியை நினைச்சுப் பாருங்க. சென்சர் ஃபேனைப் போடுறது 95 பாகையில, நுவரெலியாவுல தண்ணி கொதிக்கிறது 94 பாகையில. சென்சர் சரியாத்தான் வேலை செய்யுது. ஆனா அது கண் முழிக்கிறதுக்கு முன்னாடியே தண்ணி கொதிச்சிடும்.

அதனால ஏத்தம் வர்றதுக்கு முன்னாடியே ஃபேனைப் போட்டு வைக்கிற டிரைவரை யாரும் நையாண்டி செய்யத் தேவையில்ல. சூடு ஏறினதுக்கு அப்புறம்தான் சென்சருக்குத் தெரியும். அடுத்த வளைவுல ஏத்தம் வருதுன்னு டிரைவருக்கு முன்னாடியே தெரியும். அந்த அறிவைப் பயன்படுத்த அவர் கையில ஒரு சுவிட்ச் இருக்கிறது நியாயம்தான்.

பிரச்சினை வயரை எங்க கொடுக்கிறாங்க என்கிறதுல இருக்கு. ரெண்டு விதமாச் செய்யலாம். ஒண்ணு, சென்சர் அது பாட்டுக்கு இருக்கும். அதுக்குத் துணையா சுவிட்ச் இருக்கும். சுவிட்ச் போட்டா ஃபேன் ஓடும், போடாட்டி சென்சர் சொல்றப்ப ஓடும். இன்னொண்ணு, சென்சர் பழுதாகிடுச்சு, அல்லது பழுதுன்னு நினைச்சாச்சு. அந்த வயரை வெட்டி நேரா சுவிட்சுக்குக் கொண்டு போயாச்சு. இனி டிரைவர் கை வச்சா மட்டும்தான் ஃபேன் ஓடும். வெளியிலிருந்து பார்த்தா ரெண்டும் ஒரே சுவிட்ச்தான். ஆனா முதல் வண்டியில டிரைவர் மறந்தாலும் ஒண்ணும் ஆகாது. ரெண்டாவது வண்டியில அவர் ஒரு நாள் மறந்தா ஹெட் கேஸ்கட் போயிடும், அலுமினிய ஹெட் வளைஞ்சாலும் வளைஞ்சிடும்.

பழைய டொயோட்டா பலதுல இதை எவ்வளவு யோசிச்சுச் செஞ்சிருக்காங்கன்னு பாருங்க. அதுகள்ல சென்சர் வயர் அறுந்து போனா ஃபேன் நிக்காது, இடைவிடாம ஓடும். எஞ்சின் ஆறியிருக்கும்போது சாவியைத் திருப்பி, சென்சர் பிளக்கைக் கழற்றினாலே ஃபேன் சுத்தத் தொடங்கும். கோளாறு வந்தா எந்தப் பக்கம் விழணும்னு முன்கூட்டியே முடிவு செஞ்சிருக்காங்க. நஷ்டம் கொஞ்சம் சத்தமும் கரண்டும் மட்டும், எஞ்சின் தப்பிச்சுக்கும். சென்சரை வெட்டிச் சுவிட்ச் மட்டும் வச்சா இது தலைகீழாகிடுது. கோளாறு வந்தா, மறதி வந்தா, நஷ்டம் எஞ்சினுக்கு.

அப்புறம் ஏன் இப்படிச் செய்றாங்க? பாஸ்மாருக்குத் தெரியாமலா? எங்களுக்கு அப்படித் தோணல. 2020 மார்ச் மாசம் வாகன இறக்குமதியை நிறுத்தினாங்க. தனியார் வாகனங்களுக்குக் கதவு திறந்தது 2025 பெப்ரவரியில. இடையில 2022 நெருக்கடி வேற. அஞ்சு வருஷமா இருந்த வண்டியையே ஓட்டியாகணும். இறக்குமதி திறந்த பிறகும் வரியோட சேர்த்து விலையைப் பார்த்தா, தோட்டத்துப் பக்கம் ஹயர் ஓடுறவங்க புது வண்டியை நினைச்சும் பார்க்க முடியாது. இந்த நிலைமையில கராஜுக்கு வர்றவர் "இன்னைக்கே ஓடணும்"னு கேட்கிறார். ஒரு சுவிட்சும் ரெண்டு துண்டு வயரும் கையில இருக்கு. சரியான சென்சரைத் தேடிக் கண்டி, கொழும்புன்னு அலையணும். பாஸ் எதைச் செய்வார்? வண்டி இன்னைக்கு ஓடுது, அதுல அவர் ஜெயிச்சிட்டார். தற்காலிகமாச் செஞ்சது நாலு வருஷம் அப்படியே இருக்கிறதுதான் சிக்கல்.

வண்டி வச்சிருக்கிறவரே எப்பவும் வண்டி ஓட்டுறவர் இல்ல என்கிறதையும் மறக்கக் கூடாது. மலையகத்துல எங்க வயசுப் பொடியன்மார் நிறைய பேர் அடுத்தவங்க வண்டியைத்தான் ஓட்டுறாங்க. காலையில ஸ்கூல் பிள்ளைகள், பகல்ல ஆஸ்பத்திரி ஹயர், ராத்திரி கல்யாண வீடு. சென்சருக்குச் செலவு பண்ணாததால மிச்சம் பிடிச்சவர் முதலாளி. அந்தச் சென்சரோட வேலையை நாள் பூரா கவனம் வச்சுச் செய்றவர் டிரைவர். அதுக்குச் சம்பளம் கூடல. ஒரு நாள் பனியிலயும் மழையிலயும் ரோட்டைப் பார்க்கவே கண் போதாம, சுவிட்சை மறந்துட்டார்னு வைங்க. "நீ ஏன் சுவிட்ச் போடல?"ங்கிற கேள்வி அவர்கிட்டதான் வரும். "நீங்க ஏன் சென்சர் மாத்தல?"ன்னு திருப்பிக் கேட்க அவருக்கு வாய் இருக்காது. ஒரு பார்ட்ஸோட கோளாறு இப்படித்தான் ஒரு ஆளோட குற்றமா மாறுது.

"கவனமான டிரைவர் டெம்பரேச்சர் கேஜைப் பார்ப்பான்"னு பதில் வரும். நல்ல பதில், ஆனா முழுப் பதில் இல்ல. பல சின்ன வண்டிகள்ல கேஜே கிடையாது, ஒரு சிவப்பு லைட் மட்டும்தான். அது எரியும்போது ஏற்கனவே தாமதம். கேஜ் உள்ள வண்டியிலயும் தண்ணி ஒழுகி இறங்கிட்டா, கேஜுக்குத் தகவல் கொடுக்கிற சென்சர் தண்ணியில்லாம வெறும் ஆவியில நிக்கும். அப்ப முள் தப்பான கணக்குக் காட்டலாம். மனுசன் கவனத்தை நம்பலாம். ஆனா அதை மட்டும் நம்பி இருபது பிள்ளைகளை ஏத்தக் கூடாது. ஏத்தத்துக்கு நடுவுல, பாதி ரோட்டுல, மூடுபனியில நிக்கிற வேனோட ஆபத்து எஞ்சினோட முடியிறதில்ல.

சட்டமும் இதைக் கண்டுக்கிறதில்ல. கார், சின்ன வேனுக்கு வருஷா வருஷம் வருமான அனுமதிப்பத்திரம் எடுக்கப் புகைச் சோதனைச் சான்றிதழும் காப்புறுதியும் வேணும். ஃபேன் தானா ஓடுதான்னு யாரும் பார்க்கிறதில்ல. அதனால இதை நாமதான் பார்த்துக்கணும்.

என்ன செய்யணும்? பெரிய விஷயம் ஒண்ணும் இல்ல. ஃபேன் ஓட 10 அம்பியர் அளவுக்குக் கரண்ட் இழுக்கும், தொடங்கும்போது இன்னும் அதிகம். அதை டேஷ்போர்டுச் சுவிட்ச் வழியா நேரா விட்டா சுவிட்ச் உருகும், வயர் சூடேறும். சுவிட்ச் ரிலேயை மட்டும் இயக்கணும், ஃபேனுக்குக் கரண்ட் ரிலே வழியாப் போகணும், பேட்டரிப் பக்கம் ஒரு ஃபியூஸ் இருக்கணும். சாவியை எடுத்தா சுவிட்சும் செத்துப் போற மாதிரி கொடுக்கணும், இல்லாட்டி ராத்திரி மறந்து விட்டுட்டு விடியக்காலையில வண்டியைத் தள்ள வேண்டியதுதான். ஃபேன் ஓடுறப்ப எரியிற ஒரு சின்ன லைட் வச்சா இன்னும் நல்லது. முக்கியமா, சென்சர் எந்த வகைன்னு பார்க்காம பாஸ் கத்தரியை எடுக்க விடாதீங்க. வயர் சேர்ந்தா ஃபேன் ஓடுற வகையில, சுவிட்ச் சென்சருக்குப் பக்கத்துணையா வரணும். நாங்க சொன்ன டொயோட்டா வகையில, சென்சர் வயருக்கு நடுவுல வந்து அதைத் துண்டிக்கிற மாதிரி வரணும். புது வண்டிகள்ல ஃபேனைக் கம்ப்யூட்டர் கட்டுப்படுத்துது, அதுல தெரியாதவங்க கை வைக்கவே கூடாது.

இதோட மூடி, கூலன்ட், ரேடியேட்டர் மேல படிஞ்ச மண் இதையெல்லாம் பாருங்க. நிறைய வண்டிக்கு ஒரு புது மூடி போட்டாலே சுவிட்சுக்குத் தேவை வராது. "சூட்டு நாடு"ன்னு சொல்லித் தெர்மோஸ்டாட் வால்வைக் கழற்றி எறியிற பழக்கத்தையும் விடுங்க. நுவரெலியாக் காலைக் குளிர்ல எஞ்சின் சூடேறவே இல்லாட்டி பெற்றோல்தான் வீணாகும்.

கலைப்பீடத்துல படிக்கிற நீங்க ஏன் இதை எழுதுறீங்கன்னு கேட்பீங்க. ஜப்பான்லிருந்து வந்த பழைய வண்டியோட கைநூல் ஜப்பான் மொழியில இருக்கு. வயரிங் படம் கிடைச்சாலும் ஆங்கிலம். கராஜ்ல வேலை பழகுற பொடியன் பாஸோட கையைப் பார்த்துத்தான் படிக்கிறான். பாஸ் சென்சரை வெட்டினா அவனும் வெட்டுவான், ஏன்னு கேட்டுப் பார்க்க தமிழ்ல ஒரு பக்கம் இல்ல. கவிதைக்கும் சினிமாவுக்கும் தமிழ்ல பக்கம் பக்கமா எழுதுற நாங்க, எங்க வீட்டுப் பிள்ளைகள் ஏறிப் போற வேனைப் பத்தியும் ரெண்டு பக்கம் எழுதலாம்னு நினைச்சோம்.

படிச்சு முடிச்சதும் ஒரு வேலை செய்யுங்க. வீட்டுல வண்டி இருந்தா, இல்ல தெரிஞ்ச அண்ணன் ஒருத்தர் ஓட்டினா, ஏசியையும் அந்தச் சுவிட்சையும் ஆஃப்ல வச்சுட்டு எஞ்சினை நின்ன இடத்துலயே ஓட விடச் சொல்லுங்க. முள்ளையோ சிவப்பு லைட்டையோ விட்டுக் கண்ணை எடுக்க வேணாம். சூடான மூடியில கை வைக்கவும் வேணாம். முள் நடுவைத் தாண்டிப் போறதுக்குள்ள ஃபேன் தானா ஓடினா நல்லது, சுவிட்சைத் துணைக்கு வச்சுக்கலாம். ஓடலன்னா எஞ்சினை நிப்பாட்டிட்டு, அடுத்த ஏத்தத்துக்கு முன்னாடி சென்சருக்கு ஒரு வழி பண்ணச் சொல்லுங்க. வண்டி அண்ணனோடது இல்லன்னா, அந்தச் செலவு முதலாளியோடதுன்னும் சேர்த்துச் சொல்லுங்க.